அம்மாவை நெடுந்தீவுக்குக் கூட்டிப்போன கதை: குறிகட்டுவான் படகும் குயின் மேரி படகும்

வயதான தாய் தகப்பனை ஊர் காட்டக் கூட்டிப்போக நினைக்கும், யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவைச் சேர்ந்தவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். விமான டிக்கெட், யாழ்ப்பாணத்தில் தங்கும் இடம், வான் வாடகை என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். முழங்கால் தேய்ந்த ஒருவர், தீவுக்குப் படகு எடுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குள் எப்படிக் கால் வைப்பார் என்பதை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், பயணத்தைத் தீர்மானிப்பது அந்த ஒரு அடிதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை பாதை நன்றாக இருக்கிறது. இறங்குதுறையில் இரண்டு கூட்டம் நிற்கும். நயினாதீவுக்குப் போகிறவர்கள் நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் கும்பிடப் போகிறார்கள். கால் மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடுவார்கள். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதுவும் திறந்த கடல். ஆனி மாதத்தில் அம்மன் கோயில் திருவிழா நடக்கும்போது போகாதீர்கள். அந்த நெரிசலில் வயதானவர்களை நிறுத்திவைப்பது பாவம்.

படகு துறையோடு கட்டப்பட்டிருந்தது. இடையில் தொங்கவிட்ட பழைய டயர்கள் அலைக்கு நசுங்கி விரிந்தன. படகின் விளிம்பு ஒரு நேரம் துறைக்குச் சமமாக வந்தது, மறு நேரம் முழங்கால் அளவு கீழே போனது. எண்பதைக் கடந்த அம்மா அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். படகில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் விளிம்பில் ஒரு காலும் துறையில் ஒரு காலுமாக நின்று, “அம்மா, கீழே பார்க்க வேண்டாம், என் முகத்தைப் பாருங்கள். நான் சொல்லும்போது காலைத் தூக்குங்கள்” என்றார். இரண்டு அலைகளை விட்டுவிட்டு மூன்றாவது அலை படகைத் தூக்கியதும் “இப்போது” என்றார். அம்மா உள்ளே இருந்தார். இதைவிட நேர்த்தியாக யாரும் செய்ய முடியாது.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சவுத்ஹாம்ப்டனிலிருந்து குயின் மேரி 2 கப்பலில் அம்மாவை ஒரு சிறு பயணம் கூட்டிப்போயிருந்தேன். 2004 இல் சேவைக்கு வந்த, 345 மீற்றர் நீளமான கப்பல் அது. குர்ன்சித் தீவின் சென் பீற்றர் போர்ட் துறைமுகத்துக்குள் அவ்வளவு பெரிய கப்பல் நுழைய முடியாது. வெளியே நங்கூரமிட்டுத் தன் படகுகளை இறக்கி ஆட்களைக் கரைக்கு அனுப்புகிறது. அந்தப் படகுகள் கப்பலின் உயிர்காப்புப் படகுகளிலேயே ஒரு பகுதி. ஆபத்து வந்தால் உயிர்காக்கவும் மற்ற நாட்களில் கரைசேர்க்கவும் பயன்படுகின்றன. வட அத்திலாந்திக்கின் பேரலை எட்டக்கூடாது என்பதற்காக இந்தக் கப்பலில் உயிர்காப்புப் படகுகளை நீர்மட்டத்துக்கு 25 மீற்றர் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வழக்கமான விதி அனுமதிப்பது ஏறக்குறைய 15 மீற்றர் உயரம் வரைதான், இந்தக் கப்பலுக்கு விதிவிலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து கம்பிவடத்தில் அங்குலம் அங்குலமாக இறங்கிவருவதை அம்மா தேநீரைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஏறும் முறை வேறு. இலக்கமிட்ட சீட்டு வாங்கி, அழைக்கும்வரை உட்கார்ந்திருக்கலாம். வெயிலில் நிற்க வேண்டியதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கப்பலின் பக்கக் கதவு திறக்கிறது, அங்கே மிதவை மேடை இருக்கிறது. வெளியேறும்போது அட்டையைப் பதிகிறார்கள். யார் கரையில், யார் கப்பலில் என்பது எந்த நேரமும் தெரியும். இரு பக்கமும் இரண்டு மாலுமிகள் முன்கையை இறுகப் பிடித்து, அலை பார்த்து அனுப்புகிறார்கள். அதே பிடி, அதே காத்திருப்பு. கடல் கொந்தளித்தால் கப்பல் தலைவர் ஒரே சொல்லில் நிறுத்திவிடுவார், யாரும் வாதாடுவதில்லை.

ஆனால் தானாக ஓர் அடி எடுத்து வைக்க முடியாதவர்களை இப்படிப்பட்ட படகுகளில் பொதுவாக ஏற்றமாட்டார்கள். கப்பலிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள். குறிகட்டுவானில் நான் கண்டது வேறு. பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிப் படகுக்குள் இறக்கினார்கள். அதில் இருவர் வெறும் பயணிகள். அந்த மனம் எங்களிடம் இருக்கிறது. இல்லாதது ஏற்பாடுதான். நாங்கள் போன படகில் உயிர்காப்பு அங்கிகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன, ஒருவரும் போடவில்லை. ஏறியவர்களை எண்ணவில்லை. நடைவழியில் எரிவாயு சிலிண்டர், சீமெந்து மூட்டை, ஒரு மோட்டார் சைக்கிள். அலையின் உயரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் மிதவை மேடை ஒன்றும், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பியும், எண்ணி ஏற்றும் ஒருவரும் இருந்தால் போதும்.

ஊர் பார்க்கப் போகும் எங்களுக்கு இது வருடத்தில் ஒருநாள் சிரமம். தீவில் வாழ்கிறவர்களுக்கு இதுதான் பாதை. நெடுந்தீவு வைத்தியசாலையில் பார்க்க முடியாத நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் இதே கடலைத்தான் தாண்ட வேண்டும். கடலின் நடுவே அம்மா இந்தப் பாதையில் ஓடிய குமுதினி என்ற படகை நினைத்துக்கொண்டார். 1985 மே 15 ஆம் திகதி அந்தப் படகில் போனவர்களை வெட்டிக் கொன்றார்கள், குழந்தையைக்கூட விடவில்லை. அதன் பிறகும் அந்தப் படகு பழுதுபார்க்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஓடியது, சனங்களும் ஏறினார்கள், வேறு வழி இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு கடற்பாதைக்கு நல்ல துறையும் நல்ல படகும் கேட்பது சலுகை கேட்பதாகாது.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள். வாடைக்காற்று அடங்கி, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்குமுன், மாசி பங்குனியில் போங்கள். படகு நேரத்தை முதல்நாளே தீவில் உள்ள உறவினரிடம் கேட்டுவிடுங்கள், காற்றுக்கு ஏற்ப மாறும். வயதானவர்களைப் படகின் நடுப்பகுதியில் இருத்துங்கள், அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், தூக்கிப்போடும். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், நீங்கள் போட்டால் பக்கத்தில் இருப்பவரும் போடுவார். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்க வேண்டாம். கோட்டை, பெருக்கமரம், குதிரைகள் என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, பிற்பகல் காற்றில் களைத்த கால்களோடு படகில் ஏறுவது மிகக் கடினம். நாங்கள் பெரியம்மா வீட்டில் தங்கி, அதிகாலைப் படகில் திரும்பினோம். கடல் அசையாமல் கிடந்தது. அம்மா கையை நீட்டாமலே ஏறிவிட்டார்.