5ஜி ஹோம் இன்டர்நெட்டில் லைவ் டிவி: 275 டாலர் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

டெக்சாஸில் ஆஸ்டின், ரவுண்ட் ராக் பக்கம் யாராவது கேபிள் டிவியை நிறுத்தும் யோசனையில் இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

ஒரு செல்போன் கம்பெனிக் கடையில் 5ஜி ஹோம் இன்டர்நெட் வாங்கினேன், அதாவது செல் டவர் வழியாக வரும் வீட்டு இன்டர்நெட். டப்பாவை ஜன்னலோரம் வைத்து பிளக்கைச் சொருகினால் போதும் என்றான் கடைப் பையன். கையோடு லைவ் டிவி ஆப் ஒன்றையும் தலையில் கட்டினான். மூன்று மாதச் சந்தா 240, ஆக்டிவேஷன் என்று 35, ஆக 275 டாலர். கார்டை நீட்டும் முன் வாய்விட்டுக் கேட்டேன், ஆஸ்டின் லோக்கல் சேனல் வருமா என்று. தன் போனை எடுத்து ஆஸ்டின் செய்தியை ஓடவிட்டே காட்டினான். கண்ணால் பார்த்த பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? போனில் ஜிபிஎஸ் இருக்கிறது, வீட்டு டிவியில் இல்லை. அதை மட்டும் அவன் சொல்லவில்லை.

வீட்டில் டிவியைப் போட்டால் ஹூஸ்டன் சேனல்கள். டப்பாவை அணைத்துப் போட்டால் டல்லாஸ். போன வாரம் ஆலங்கட்டி மழை கூரையைப் போட்டு அடிக்கிறது, போனில் வில்லியம்சன் கவுண்டிக்கு டொர்னாடோ எச்சரிக்கை அலறுகிறது, டிவியில் ஒரு அம்மணி ஹூஸ்டனின் கேட்டி ஃப்ரீவே டிராஃபிக்கைச் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறார்!

விஷயம் இதுதான். செல் நெட்வொர்க்கில் ஏகப்பட்ட வீடுகளுக்குப் பொதுவாக ஒரே ஐபி முகவரி, அதாவது இன்டர்நெட்டில் நம்மை அடையாளம் காட்டும் எண். அது நம் வீட்டைக் காட்டாது. கம்பெனியின் டிராஃபிக் எந்த ஊரில் வெளியே வருகிறதோ அந்த ஊரைத்தான் காட்டும். ஏபிசி, என்பிசி மாதிரி சேனல்களின் உரிமையோ ஊர் வாரியாக, அமெரிக்கா முழுக்க 210 சந்தைகளாகப் பிரித்தது. ஆப் ஐபியைப் பார்த்து ஊரை முடிவுசெய்கிறது, ஞாயிற்றுக்கிழமை எந்த ஃபுட்பால் மேட்ச் வரும் என்பது உட்பட.

இன்டர்நெட் கம்பெனிக்கு அடித்தால், எங்கள் ஸ்பீடு சரியாக இருக்கிறது, ஆப்காரனைக் கேளுங்கள் என்கிறான். ஆப்காரனைக் கேட்டால், ஐபி தப்பு, இன்டர்நெட் கம்பெனியைக் கேளுங்கள். ஆப்பில் வீட்டு லொகேஷனை மாற்றிப் பார்த்தேன். வருடத்துக்குச் சில தடவைதான் மாற்றலாமாம், அதுவும் தீர்ந்துவிட்டது. கடைசியில் ஆப் கம்பெனியின் சாட்டில் வந்த ஒரு புண்ணியவான், மொபைல் இன்டர்நெட்டை வீட்டு நெட்வொர்க்காக ஏற்பதில்லை என்று விதிமுறையிலேயே இருக்கிறதே என்று லிங்க் அனுப்பினான். விற்கும்போது அந்த லிங்க் எங்கே போயிருந்தது? ரீஃபண்ட் கிடையாதாம். 275 டாலர்! கடைக்குப் போனால் அந்தப் பையன் வேறு கிளைக்கு மாறிவிட்டான்.

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள். கடைக்காரன் போனில் காட்டுவதை நம்பாதீர்கள், உங்கள் வீட்டு டிவியில் ஓடிய பிறகு கேபிளை நிறுத்துங்கள். சில ஆப்களில் போனை வைத்து லொகேஷனை உறுதிசெய்ய வழி உண்டு, வாங்கும் முன் கேளுங்கள். வேறு ஊரில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன் வேண்டாம், பெரும்பாலும் தடுத்துவிடுகிறார்கள். லோக்கல் சேனல் மட்டும் போதுமென்றால் ஒரு ஆன்டெனா வாங்கி மேற்கு ஆஸ்டின் டவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள், மாதக் காசே கிடையாது.

கார்டு கம்பெனியில் காசைத் திருப்பிக் கேட்டு டிஸ்பியூட் போட்டிருக்கிறேன். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்திலும் இன்டர்நெட் கம்பெனி மேல் புகார் கொடுத்தாயிற்று, 30 நாளுக்குள் அந்தக் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். அந்த 275 டாலரை விடுவதாக இல்லை.