மின் கணப்பு: கொழும்பில் விளக்கு, நுவரெலியாவில் ஹீட்டர்

சுடர் போல வெளிச்சம் காட்டி அறையையும் சூடாக்குவது மின் கணப்பு. சுவரில் மாட்டும் 2,000 வாட் வகை வெளிப்பார்வைக்கு ஒரு பெரிய தட்டை டிவி மாதிரித்தான் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் எல்ஈடி வெளிச்சம் சுழலும் தகட்டில் பட்டுத் தெறிப்பதே சுடர். நேரே பார்த்தால் அழகு. பக்கவாட்டில் உட்கார்ந்தால் மாயம் கலைந்துவிடும். மலிவான மொடல்களில் அந்தத் தகட்டின் கிறீச் சத்தம் இரவில் எரிச்சலூட்டும்.

சுடர் மட்டும் எரிந்தால் 10 முதல் 20 வாட், ஒரு சின்ன பல்புக்கு ஆகும் செலவுதான். ஹீட்டரை முழுதாகப் போட்டால் மணிக்கு 2 யூனிட். இரவிலும் வியர்க்கிற கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு அந்த ஹீட்டர் வேண்டவே வேண்டாம். அதனால் சுடருக்கும் சூட்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இல்லாத மொடலை, எவ்வளவு விலை குறைத்தாலும், வாங்காதீர்கள். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியா வீட்டுக்கென்றால் கதை வேறு. கதவை மூடிய 200 சதுர அடி அறைக்கு 2,000 வாட் போதும். கூரை உயர்ந்த பழைய பங்களா ஹோலுக்குப் போதாது.

இனிப் பிளக். 230 வோல்ட்டில் 2,000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். 13 ஆம்பியர் சதுர முள் பிளக்கை நேரே சுவர் சொக்கட்டில் குத்த வேண்டும். அந்தப் பொயின்ட்டுக்கு 7/.67 வயர் (2.5 சதுர மி.மீ.) வந்திருக்க வேண்டும். மல்டி பிளக், உருண்டை முள் அடப்டர், சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் எதுவும் ஆகாது. பியூஸ் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். காப்பாற்றாது. சொக்கட்டின் உள் பித்தளை தளர்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் கொதிக்கும். ஓடும் மின்னோட்டமோ அதே 8.7 ஆம்பியர்தான், பியூஸ் எதற்குப் போக வேண்டும்? 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்சும் விழாது, அது பார்ப்பது மின் கசிவை மட்டும். கடலோர வீடுகளில் உப்புக் காற்றால் பித்தளை பச்சை பிடித்து இந்தக் கோளாறு சீக்கிரம் வரும். அரை மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை நிறுத்திப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, பழுப்புக் கறை, மீன் நாற்றம் போன்ற வாடை என்றால் சொக்கட்டை மாற்றும் வரை ஹீட்டரைப் போட வேண்டாம்.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் செட்டை ரேட்டிங் லேபல் பார்க்காமல் குத்திவிடாதீர்கள். 120 வோல்ட்டுக்குச் செய்த 1,500 வாட் சூடேற்றும் கம்பி இங்கே 5,500 வாட்டை இழுக்கப் பார்த்து எரிந்துபோகும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர், குறைந்தது 2,000 விஏ, வேண்டும். அந்தப் பாரத்தையும் இரைச்சலையும் ஹோலில் வைப்பதைவிட இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம். லண்டன் செட் அப்படியே பொருந்தும்.

முதல் தடவை போடும்போது கால் மணி நேரம் தூசி கருகும் வாடை வரும், பயமில்லை. பிறகு ஓடிக்கொண்டிருக்கையிலேயே சூடு நின்று சுடர் மட்டும் எரிந்தால், முதலில் தெர்மோஸ்டாட் அளவைப் பாருங்கள். அது சரியென்றால் காற்றுத் துவாரம் அடைத்து சூடு மிஞ்சினால் ஹீட்டரை நிறுத்தும் உள் தெர்மல் கட் அவுட் வேலை செய்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி 15 நிமிடம் ஆறவிட்டு, துவாரத்தை வெக்கியூமால் இழுங்கள். திரும்பத் திரும்ப நின்றால் ஃபேன் பழுதாக இருக்கலாம். கட் அவுட்டைத் தவிர்த்து நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்னும் மின் வேலை பாஸிடம் கொடுக்காதீர்கள். திரைச்சீலையும் சோபாவும் முன்பக்கத்திலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். ஈரத் துணி காயப்போடும் இடமும் இதுவல்ல.

தண்ணீர்ப் புகையில் சுடர் காட்டும் வகை பார்க்க மிக நிஜம். ஆனால் பாவிக்காத நாட்களில் தொட்டியைக் காலிசெய்து துடைக்காவிட்டால், கொழும்பில் அது டெங்கு நுளம்புக்குத் தொட்டில்.