ரீட் முதலீட்டாளர்களே, ‘அடமான வரிசையில் ஏற்றிவிடுகிறேன்’ என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

ரீட் என்பது பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களில் முதலீடு செய்யும் நிதி. அதில் நாம் வாங்கும் பங்குதான் யூனிட். உங்களிடம் இருக்கும் ரீட் யூனிட் சிக்கலில் மாட்டியிருந்தால், ‘மீட்பு ஆலோசகர்’ ஒருவர் வாட்ஸ்அப்பில் உங்களைத் தேடி வரலாம். நம்ம ஆள்தான், பேச்சு இனிக்கும், சிங்கப்பூர் தேக்கா பக்கம் அலுவலகம். என் மாமாவிடமும் அவர் நண்பர்கள் சிலரிடமும் தலைக்கு 1,200 வெள்ளி வாங்கிவிட்டார்.

அவர் சொன்னது இதுதான்: “அங்கிள், ரீட்டோட கடனைச் சீரமைக்கப் போறாங்க. கட்டடத்தை அடமானமா வச்சிருக்கிற பேங்குக்குத்தான் முதல் பங்கு. உங்க பேரையும் அந்த வரிசையில பதிஞ்சு தர்றேன்.”

முதலில் சொன்ன இரண்டும் சரிதான். மூன்றாவது நடக்காத காரியம்.

அடமானம் என்பது கடன் கொடுக்கிறவர் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்வது. நிறுவனம் சொத்தைப் பிணை வைத்தால் 30 நாளுக்குள் நிறுவனப் பதிவு ஆணையமான அக்ராவில் பதிய வேண்டும். பதியத் தவறினால், நிறுவனம் கலைக்கப்படும்போது வங்கியின் பிணையே செல்லாமல் போகும். வங்கிக்கே இந்தக் கெடுபிடி என்றால், விலை விழுந்த பிறகு ஒரு படிவத்தை நிரப்பி அந்த வரிசையில் எப்படி நுழைவது?

முறையாகப் பிணை பெற்ற வங்கிக்கு உரிமைகள் நிறைய. தவணை தவறினால், சொத்தைக் கையில் எடுத்து நிர்வகிக்கும் ரிசீவரை நியமிக்கலாம், கட்டடத்தை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் மொரட்டோரியம், அதாவது கடன் வசூலுக்குத் தற்காலிகத் தடை, கொடுத்தால் அந்தக் கை கொஞ்ச நாள் கட்டப்பட்டிருக்கும். நிறுவனச் சீரமைப்புத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தால் பிணை உள்ளவர்கள் தனிப் பிரிவாக வாக்களிப்பார்கள். பொதுவாக ஒவ்வொரு பிரிவிலும் தலைக்கணக்கில் பெரும்பான்மையும் தொகையில் 75 விழுக்காடும் தேவை. கட்டடம் விற்ற பணம் கடனுக்குப் பற்றாவிட்டால், மீதித் தொகைக்கு வங்கியும் பிணையில்லாதவர்களோடு சேர்ந்துதான் நிற்க வேண்டும். இவர்களுக்கெல்லாம் பின்னால், கடைசியில், யூனிட்தாரர். மாமா ரீட்டுக்குக் கடனே கொடுக்கவில்லை, அவர் அதில் பங்காளி. கடன் கொடுத்தவர்களுக்குப் போக மிஞ்சினால்தான் அவருக்கு.

அமெரிக்க ஹோட்டல்களை வைத்திருந்த ஈகிள் ஹாஸ்பிடாலிட்டி டிரஸ்டை நினைத்துப் பாருங்கள். 2019 மே மாதம் யூனிட் 78 அமெரிக்கக் காசுக்கு சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள். 2020 மார்ச்சில் வர்த்தகம் நின்றது. 2021 ஜனவரியில் விவகாரம் அமெரிக்காவின் டெலவேர் திவால் நீதிமன்றத்துக்குப் போய், ஹோட்டல்கள் விற்பனைக்கு வந்தன. அங்கேயும் கடன் கொடுத்தவர்கள்தான் முன்வரிசை.

மாமாவிடம் அந்த ‘ஆலோசகர்’ ஒரு கடிதம் தந்திருக்கிறார். ‘பதிவு எண்’ இருக்கிறது, முத்திரை மட்டும் மூன்று! அதில் இருப்பது கடன் கொடுத்தவர்கள் காசில்லாமல் தாக்கல் செய்கிற கோரிக்கைப் படிவத்தின் நகல். யூனிட்தாரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ரீட்டின் அறிவிப்புகள் பங்குச் சந்தையான எஸ்ஜிஎக்ஸின் இணையத்தளத்தில் இலவசம். யூனிட்தாரர் கூட்டத்தில் வாக்களிக்கவும் கட்டணமில்லை. கேள்வி இருந்தால் முதலீட்டாளர் சங்கமான சியாஸிடம் கேளுங்கள். ஆலோசகர் என்று எவர் வந்தாலும், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் அவருடைய நிறுவனம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இந்த ஆளுடையது அதில் இல்லை. மோசடி என்று சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் பணம் அனுப்பிய பேநவ் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மாமா போட்டுவிட்டார். அந்த ஆளோ இப்போது வேறொரு ரீட்டின் யூனிட்தாரர் குழுவில், வேறு பெயரில், அதே 1,200 வெள்ளி கேட்டுக்கொண்டிருக்கிறார்.