பழைய ஹைலக்ஸின் மீட்டர்: ரிப்பேரா, ஹாஃப் கட்டா?

என் ஓட்டு ரிப்பேருக்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி சிங்கப்பூரில் ஏர்கான் வேலைக்கு ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ் விகோ பிக்கப், 2.5 டீசல், மேனுவல் கியர், சிஓஇ (குறிப்பிட்ட வருடங்களுக்கு வண்டி வைத்திருக்கும் உரிமம்) புதுப்பித்தது. ஸ்பீடோமீட்டர் முள் முதலில் துடித்தது, அப்புறம் 40-ஐத் தாண்ட மறுத்தது, கடைசியில் சாவியை உருவிய பிறகும் 20-லேயே நின்றுகொண்டிருந்தது. மெக்கானிக் அங்கிள் குனிந்துகூடப் பார்க்கவில்லை, "ஜேபியில ஹாஃப் கட் மீட்டர் இருக்கும், வாங்கி மாட்டிடலாம்" என்றார். ஜேபி என்றால் மலேசியாவின் ஜோகூர் பாரு, ஹாஃப் கட் என்றால் உதிரிபாகத்துக்காகப் பாதியாக வெட்டி விற்கும் பழைய வண்டி. அங்கிள் சொன்ன வழி தப்பு என்று சொல்லமாட்டேன். என் வண்டிக்கு அது சரிப்படவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

மீட்டரில் கை வைப்பதற்கு முன், கோளாறு மீட்டருக்குள்ளா அல்லது அதற்கு வரும் சிக்னலிலா என்று பார்த்துவிடுங்கள். காசு செலவில்லாத சோதனை இது. வண்டியை ஓட்டிக்கொண்டே ஓடோமீட்டரைக் கவனியுங்கள். முள்ளும் அசையவில்லை, கிலோமீட்டரும் ஏறவில்லை என்றால் அநேகமாக சென்சார், வயர் அல்லது கனெக்டர். முள் மட்டும் கிறுக்குத்தனம் செய்கிறது, கிலோமீட்டர் ஒழுங்காக ஏறுகிறது என்றால் சிக்னல் வந்துகொண்டுதான் இருக்கிறது, முள்ளைத் திருப்பும் குட்டி மோட்டாரோ அதன் சால்டரோ போய்விட்டது. ஓபிடி ரீடர் (வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் போனில் காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். டொயோட்டாவில் பல மாடல்களில் வேக சிக்னல் முதலில் மீட்டருக்குப் போய், அங்கே சீராகி, அப்புறம்தான் இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. போனில் வேகம் சரியாகக் காட்டினால் மீட்டரின் உள்ளே பாதி வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். ஆனால் பி0500 (வேக சிக்னல் கோளாறு) என்ற கோடு வந்தால் உடனே சென்சார்தான் என்று முடிவுகட்ட வேண்டாம், அதே காரணத்தால் மீட்டரும் அந்தக் கோடைக் கிளப்பும்.

சென்சார் என்றால் பெரிய விஷயமில்லை. கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒரே போல்ட்டில் உட்கார்ந்திருக்கும், பார்ட் நம்பர் 83181 என்று தொடங்கும். கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் பாதி நேரம் அங்கேயே கதை முடிந்துவிடும். ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் சிக்னல் சக்கரத்து சென்சார்களிலிருந்து வரலாம், அப்போது ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிகிறதா என்று கவனியுங்கள்.

இன்னொன்று. ஜிபிஎஸ் 70 காட்டும்போது மீட்டர் 75 காட்டினால் அது கோளாறே இல்லை. ஐநாவின் 39-ஆம் விதிப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். 70-க்கு 81 வரை அனுமதி உண்டு.

சரி, மீட்டர்தான் போய்விட்டது என்று உறுதியான பிறகு என்னென்ன வழி?

டொயோட்டா ஏஜெண்டிடம் புது மீட்டர் வாங்கலாம். எல்லாவற்றிலும் விலை அதிகம், சிஓஇ-யில் சில வருடமே மிச்சமுள்ள வண்டிக்கு மனசு வரவில்லை. ஜிபிஎஸ் மீட்டரை டாஷ்போர்டில் ஒட்டலாம், மலிவு. ஆனால் கேபிஇ விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் சுமார் 9 கிலோமீட்டருக்கு அதன் கண் கட்டிவிடும், அதே ஓட்டத்தில் அடுத்து வரும் எம்சிஇ விரைவுச்சாலையும் பெரும்பாலும் நிலத்தடிதான். இலகுரகச் சரக்கு வண்டிக்கு விரைவுச்சாலையில் 70-தான் உச்சம் என்று பின்னால் ஸ்டிக்கரே ஒட்டிக்கொண்டு ஓடுகிறோம், கேமரா இருக்கும் இடத்தில் வேகம் தெரியாமல் ஓட்ட எனக்குத் தைரியமில்லை. ரிப்பேர் முடியும்வரை ஒப்பேற்ற மட்டும் ஜிபிஎஸ்.

ஆக நிஜமான போட்டி ஹாஃப் கட்டுக்கும் ரிப்பேருக்கும்தான். ஹாஃப் கட்டின் பெரிய பலம் நேரம். ஸ்டியரிங்கைக் கீழே இறக்கி, மேல் கவரைக் கழற்றி, சில ஸ்க்ரூ, பின்னால் கனெக்டர், அவ்வளவுதான், அன்றைக்கே வண்டி வேலைக்குப் போகும். மலேசிய ஹைலக்ஸும் வலதுபக்க ஸ்டியரிங், கிலோமீட்டர் அளவு என்பதால் பொருந்துவதிலும் பெரிய சிக்கல் இல்லை. 83800-0K என்று தொடங்கும் நம்பர் முழுதாக ஒத்துப்போகிறதா, டீசலா பெட்ரோலா, ஆட்டோவா மேனுவலா என்று மட்டும் சரிபார்க்க வேண்டும்.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன். எல்லாரும் ஹாஃப் கட் மீட்டர் வேண்டாம் என்பதற்கு மறுவிற்பனையைத்தான் சொல்வார்கள், கிலோமீட்டர் மாறிவிடும், வாங்குபவர் சந்தேகப்படுவார் என்று. கார் என்றால் நியாயம். நம்முடையது சரக்கு வண்டி, பார்ஃப் (பதிவை ரத்து செய்யும்போது கார்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) கிடையாது, விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் மிச்சமிருக்கும் சிஓஇ. எனக்கு அந்தக் கிலோமீட்டர் எண் தேவைப்படுவது விற்பதற்கு இல்லை, டைமிங் பெல்ட்டுக்கு, அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் பெல்ட்டை எப்போது மாற்றுவது என்று தெரிய.

விகோவில் இருக்கும் 2கேடி, 1கேடி டீசல் இன்ஜின்கள் இந்தப் பெல்ட்டில் ஓடுபவை. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் தலைப்பகுதியே பாழ். அதனால்தான் டொயோட்டா மீட்டரிலேயே டி-பெல்ட் என்று ஒரு விளக்கு வைத்திருக்கிறது, விற்ற நாட்டைப் பொறுத்து 100,000 அல்லது 150,000 கிலோமீட்டரில் எரியும். அந்தக் கணக்கை வைத்திருப்பது மீட்டர். ஹாஃப் கட் மீட்டரை மாட்டினால் ஜோகூரில் யாரோ ஓட்டிய வண்டியின் பெல்ட் கணக்கை நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். டிரிப் பட்டனை அழுத்தி ரீசெட் செய்யலாமே என்பார்கள், செய்யலாம், ஆனால் அது பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். உங்கள் பெல்ட் ஏற்கனவே 60,000 ஓடியிருந்து, விளக்கு 150,000-இல் எரிவதாக இருந்தால், அது எரியும்போது பெல்ட் 210,000 ஓடியிருக்கும். வால்வு கிளியரன்ஸ், கியர் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில் என்று எல்லாக் கணக்குக்கும் இதே குழப்பம்தான். புத்தகத்தில் குறித்து வைத்துக் கூட்டிக் கழிக்கலாம், முடியாது என்றில்லை. ஆனால் வண்டியை எடுப்பவர் நான் மட்டுமில்லை, வேலையாட்களும் எடுக்கிறார்கள், பட்டறைக்கு அவர்களே கொண்டுபோவதும் உண்டு. அங்கே யாரும் என் நோட்டைப் பார்க்கப் போவதில்லை, மீட்டரைத்தான் பார்ப்பார்கள். "பழைய கிலோமீட்டரை அதில் ஏற்றித் தருகிறேன்" என்றும் ஒருவர் சொன்னார். நோக்கம் நல்லதாகவே இருந்தாலும் அந்தப் பக்கம் நான் போகமாட்டேன், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நான்.

ரிப்பேரில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. முள் மட்டும் கெட்டிருந்ததால் கிலோமீட்டர் ஒருநாளும் நிற்கவில்லை, கணக்கு அறுபடாமல் அப்படியே தொடர்ந்தது. காக்கி புக்கிட் பட்டறைப் பகுதியில் சர்க்யூட் போர்டு வேலை செய்யும் ஒருவர் முள்ளின் மோட்டாரை மாற்றி, விரிசல் விட்டிருந்த சால்டரையும் புதுப்பித்துக் கொடுத்தார். முள்ளைப் பிடுங்குவதற்கு முன் அது நிற்கும் இடத்தில் டயலில் சின்னதாக மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்ததைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, அதைச் செய்யாதவர்கள் கையில் கொடுத்தால் முள் ஐந்து பத்து தள்ளி உட்காரும். திரும்ப மாட்டியதும் ஜிபிஎஸ்ஸை வைத்து 50-லும் 70-லும் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. மீட்டர் அவரிடம் இருக்கும்வரை வண்டி கட்டிக்கிடக்கும், ஒரே ஒரு வண்டியை வைத்துத் தொழில் செய்பவருக்கு அந்த நஷ்டம் ரிப்பேர் காசைவிடப் பெரிதாக இருக்கலாம். புது மோட்டார் எத்தனை வருடம் தாங்கும் என்று இப்போதே சொல்லவும் முடியாது, என்னுடையது மாற்றி இன்னும் அதிக நாள் ஆகவில்லை. மீட்டருக்குள் தண்ணீர் போய் போர்டே கருகியிருந்தால் ரிப்பேர் பேச்சுக்கே இடமில்லை, ஹாஃப் கட்டுக்குப் போங்கள்.

மற்ற பிக்கப் வண்டிகளில் என் கை பட்டதில்லை, அதனால் நான் சொன்னதை அப்படியே அவற்றுக்குப் பொருத்திவிட வேண்டாம். 4டி56 இன்ஜின் போட்ட பழைய டிரைடனும் பெல்ட் வண்டிதான், அதற்கும் கிலோமீட்டர் கணக்கு முக்கியம். 4ஜேஜே1 போட்ட டி-மேக்ஸ், ஒய்டி25 போட்ட நவாரா, 2015-இல் வந்த ஹைலக்ஸ் ரெவோவின் ஜிடி டீசல் இன்ஜின்கள் எல்லாம் பெல்ட்டுக்குப் பதில் செயின். அவற்றில் என் வாதத்தின் பாதி பலம் போய்விடுகிறது, நல்ல ஹாஃப் கட் மீட்டர் கையில் கிடைத்தால் நானே வாங்கி மாட்டியிருப்பேன். அப்போது பழைய மீட்டர், மாட்டப் போகும் மீட்டர் இரண்டின் கிலோமீட்டரும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, தேதி போட்டு சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டிவிடுங்கள். பட்டறைக்காரரிடம் ரசீதில் "மீட்டர் மாற்றப்பட்டது" என்று எழுதி வாங்கவும் மறக்காதீர்கள்.