பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி: சேர்த்து வைத்த படங்களை டிவிக்குக் கொண்டுபோக எது சரி?

ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்த படங்களை டிவியில் பார்ப்பது எப்படி என்று கேட்டால் மூன்று பெயர்கள் அடிபடும்: பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி. உடனே எது அழகு, எது இலவசம் என்று சண்டை தொடங்கிவிடும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படக் கோப்பை டிகோட் செய்து (சுருக்கி வைத்ததை விரித்து) திரைக்குத் தோதாகத் தரும் வேலையை வீட்டில் எந்தப் பெட்டி செய்யப்போகிறது? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மூன்றில் ஒன்றிரண்டு தானாகக் கழன்றுவிடும்.

கோடி ஒரு பிளேயர். டிவியோடு இணைத்த பெட்டியில் ஓடும். கோப்பை நெட்வொர்க் வழியே அப்படியே இழுத்து அங்கேயே டிகோட் செய்யும். பிளெக்ஸும் ஜெல்லிஃபினும் சர்வர்கள். கோப்பு இருக்கும் கணினியில் ஓடிக்கொண்டு, டிவியிலோ போனிலோ இருக்கும் செயலி எதை ஏற்கும் என்று பார்த்து, ஏற்காததை மாற்றி அனுப்பும். கோடியின் பழைய பெயர் எக்ஸ்பிஎம்சி, அதாவது எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர். 2014-ல்தான் பெயர் மாறியது. பிளெக்ஸ் அதே எக்ஸ்பிஎம்சியின் மேக் பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது. ஜெல்லிஃபின் வேறு குடும்பம்: எம்பி என்ற சர்வர் தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளைத்தது.

சர்வர் எப்போது திணறுகிறது

கோப்பு மாறாமல் போனால் அது டைரக்ட் பிளே. சர்வருக்கு வேலையே இல்லை. பழைய லேப்டாப் போதும். டிவி எம்கேவி உறையை (வீடியோ, ஒலி, சப்டைட்டிலைச் சேர்த்து வைக்கும் கோப்பு வகை) ஏற்காமல் உள்ளே இருக்கும் வீடியோவை மட்டும் ஏற்றால், உறையை மாற்றினால் போதும். அதுவும் லேசான வேலைதான். வீடியோவையே டிகோட் செய்து மறுபடி என்கோட் செய்யும்போதுதான், அதாவது டிரான்ஸ்கோடிங்கில்தான், சிக்கல் ஆரம்பம். 4கே, 10 பிட் ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை, அதாவது கோடெக்) கோப்பை வெறும் சிபியுவால் மாற்ற முயன்றால் பல கணினிகள் படுத்துவிடும்.

இதற்குத் தீர்வு இன்டெல் சிப்களில் உள்ள குயிக் சிங்க் என்ற, வீடியோ மாற்றுவதற்கான தனிப் பகுதி. 10 பிட் ஹெச்இவிசி வேண்டுமென்றால் 7-ம் தலைமுறை அல்லது அதற்கு மேல். ஏவி1 என்ற புதிய கோடெக்கின் டிகோடிங்கும் வேண்டுமென்றால் 11-ம் தலைமுறை அல்லது அதற்கு மேல். 6 வாட் வகையைச் சேர்ந்த என்100 சிப் போட்ட மினி பிசியே ஒரு வீட்டுக்குப் போதும். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இங்கேதான் இரண்டு சர்வர்களும் பிரிகின்றன. பிளெக்ஸில் ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங் (மாற்றும் வேலையைச் சிப்பின் அந்தப் பகுதியே செய்வது) வேண்டுமென்றால் பிளெக்ஸ் பாஸ் சந்தா கட்டியாக வேண்டும். கட்டிவிட்டால் ஒரு டிக் போட்டால் முடிந்தது. ஜெல்லிஃபினில் காசு கிடையாது, ஆனால் கைவேலை உண்டு. டாஷ்போர்டில் பிளேபேக் பகுதிக்குப் போய்க் குயிக் சிங்கைத் தேர்ந்து, சிப் உண்மையில் ஆதரிக்கும் கோடெக்குகளை மட்டும் டிக் செய்ய வேண்டும். 10-ம் தலைமுறை சிப்பில் ஏவி1-ஐயும் சேர்த்து டிக் செய்தால், ஏவி1 கோப்பை மாற்றும் நேரம் வந்ததும் படம் ஓடாமல் பிழைச் செய்தி வந்து நிற்கும். லினக்ஸில் ஜெல்லிஃபின் பயனரை ரெண்டர் குழுவில் (கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்த அனுமதி உள்ள குழு) சேர்க்க வேண்டும். டாக்கரில் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் கருவி) ஓட்டினால் கிராபிக்ஸ் சாதனத்தைக் கண்டெய்னருக்கு உள்ளேயும் காட்ட வேண்டும். டோன் மேப்பிங்கை (எச்டிஆர் எனும் கூடுதல் ஒளி வீச்சைச் சாதாரணத் திரைக்கேற்பக் குறைக்கும் வேலை) இயக்க மறந்தால் எச்டிஆர் படங்கள் சாதாரணத் திரையில் வெளுத்துப்போய்த் தெரியும்.

டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை வேறு தொல்லை. அதன் புரொஃபைல் 5 வகைக் கோப்பை அதை அறியாத பெட்டியில் நேரடியாக ஓட்டினால் முகங்கள் ஊதாவாகவும் பச்சையாகவும் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அதன் நிறக் கணக்கே வேறு, சாதாரண எச்டிஆர் அடுக்கு அதில் இல்லை. ஹார்டுவேர் அமைப்பைச் சரியாகச் செய்திருந்தால் ஜெல்லிஃபின் இதைச் சாதாரண நிறத்துக்கு மாற்றித் தரும்.

எந்தக் காரணத்தால் டிரான்ஸ்கோடிங் நடக்கிறது என்று தெரியாமல் அமைப்புகளைக் குடைய வேண்டாம். படம் ஓடும்போதே சர்வர் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். ஜெல்லிஃபினில் ஓடும் படத்தின் தகவல் குறியைத் தொட்டால் காரணத்தையே சொல்லும்: ஆடியோ கோடெக், சப்டைட்டில், பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு) வரம்பு. இந்த விஷயத்தில் அது பிளெக்ஸைவிட வெளிப்படை. பிட்ரேட் என்று வந்தால், பெரும்பாலும் டிவிச் செயலியில் தரத்தை யாரோ குறைத்து வைத்திருப்பார்கள். அதை ஒரிஜினலுக்கு மாற்றினால் பாதிப் புகார்கள் தீரும்.

சப்டைட்டில்: ஒரு சின்னக் கோப்பு செய்யும் பெரிய வேலை

ப்ளூரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்தல்ல, படம். அதைத் தனியே மேலே காட்டத் தெரியாத டிவிச் செயலிகள் நிறைய. அப்போது சர்வர் அதை வீடியோவோடு சேர்த்து அச்சடித்து அனுப்பும். அதற்காக முழு வீடியோவையும் மறுபடி என்கோட் செய்யும். சப்டைட்டிலை நிறுத்தியதும் படம் வழுக்கிக்கொண்டு ஓடினால் குற்றவாளி இவர்தான். எஸ்ஆர்டி என்ற எழுத்து வடிவச் சப்டைட்டில் கோப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் பிஜிஎஸ்ஸை எஸ்ஆர்டியாக மாற்றலாம். எழுத்துப் பிழைகளைக் கண்ணால் ஒருமுறை திருத்த வேண்டியிருக்கும்.

தமிழ் சப்டைட்டிலுக்குக் கூடுதலாக இரண்டு நிபந்தனைகள். கோப்பு யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும். பழைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் இருந்தால் மூன்று மென்பொருளிலும் குப்பை எழுத்துதான் வரும். சர்வர் அச்சடித்து அனுப்பும் நிலை வந்தால், சர்வரிலேயே தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் கட்டங்கள் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். டாக்கரில் ஓட்டினால் வெளியே நிறுவிப் பயனில்லை, கண்டெய்னருக்குள் இருக்க வேண்டும். கோடியில் இந்தப் பிரச்சினை டிவிப் பெட்டியோடு முடிகிறது. பிஜிஎஸ், எஸ்ஆர்டி, ஏஎஸ்எஸ் எதுவானாலும் அதுவே காட்டிவிடும்.

ஒலி, அசைவு, கம்பி

தரத்தைப் பிடிவாதமாகக் கேட்பவர்களுக்குக் கோடியை மிஞ்ச ஆளில்லை. சாம்சங் டிவிகள் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ் ஒலியை விட்டுவிட்டன. அங்கே சர்வர்கள் ஒலியை மட்டும் மாற்றி அனுப்பும். சுமை குறைவுதான், ஆனால் மூல ஒலி கிடைக்காது. தனிப் பெட்டியில் கோடியை ஓட்டி ஏவி ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) இணைத்தால், பாஸ்த்ரூ வழியே டிடிஎஸ்-ஹெச்டி, ட்ரூஹெச்டி என்ற உயர்தர ஒலி வகைகள் தொடப்படாமல் போகும். ரிசீவர் ஆதரிக்கும் வடிவங்களை மட்டும் இயக்குங்கள். அதிகப்படியாக ஒன்றை டிக் செய்தால் அமைதியோ இரைச்சலோதான் மிஞ்சும். பெட்டியை டிவியில் செருகி, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலி எடுத்தால், ட்ரூஹெச்டிக்கு இ-ஆர்க் (டிவியிலிருந்து எச்டிஎம்ஐ கம்பி வழியே ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் வசதியின் புதிய வகை) வேண்டும். பழைய ஆர்க் தாங்காது.

கோடியில் இன்னொரு சிறு பொறி: ‘காட்சியோடு ஒத்திசை’ அமைப்பை இயக்கினால் பாஸ்த்ரூ வேலை செய்யாது. அதை விட்டுவிட்டு, ரெஃப்ரெஷ் ரேட்டைப் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பது) படத்துக்கேற்ப மாற்றும் அமைப்பை ‘தொடக்கத்திலும் முடிவிலும்’ என்று வையுங்கள். நொடிக்கு 23.976 சட்டகம் ஓடும் படம் 60 ஹெர்ட்ஸ் திரையில் தரும் மெல்லிய தடுமாற்றம் போய்விடும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் வித்தியாசம் தெரியும். பிளெக்ஸ், ஜெல்லிஃபின் செயலிகளில் இந்த வசதி சாதனத்துக்குச் சாதனம் மாறும்.

பல டிவிகளின் ஈதர்நெட் போர்ட் இன்றும் 100 எம்பிபிஎஸ்தான். 4கே ப்ளூரேயின் உச்ச வேகமோ அதைத் தாண்டும். சுருக்காமல் எடுத்த கோப்பு, பரபரப்பான காட்சியில் கம்பி இணைப்பிலேயே நின்று நின்று ஓடுவதற்கு இதுவே காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினால் சரியாகிவிடும். மூன்று மென்பொருளையும் மாறி மாறி நிறுவிப் பார்த்தாலும் இது தீராது.

வீட்டுக்கு வெளியே

இதில் கோடி ஆட்டத்திலேயே இல்லை. பிளெக்ஸ்தான் சுலபம்: ரவுட்டரில் 32400 போர்ட்டை (வெளியிலிருந்து சர்வருக்கு வரும் வழி) திறந்துவிட்டால் ஊரில் இருக்கும் அம்மாகூட டிவிச் செயலியில் உள்நுழைந்து பார்த்துவிடலாம். ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல் வெளியிலிருந்து சொந்த வீடியோக்களைப் பார்ப்பது கட்டண வசதி. சர்வர் உரிமையாளரிடம் பிளெக்ஸ் பாஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்ப்பவர் தனி பாஸ் வாங்க வேண்டும். இணைய நிறுவனம் பொது ஐபி (வெளியிலிருந்து வீட்டை நேரே எட்டும் முகவரி) தராத வீடுகளில் படம் பிளெக்ஸ் நிறுவனத்தின் இடைச் சர்வரான ரிலே வழியே போகும். அங்கே வேகம் 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. படம் மங்கலாக இருக்கிறதென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டை இணையத்துக்கு அப்படியே திறந்துவிடுவது தவறு. கடவுச்சொல் மறைக்கப்படாமலே பயணிக்கும். டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு எனும் விபிஎன் (மறைக்கப்பட்ட தனிப்பாதை) வழியே இணைவதே நல்லது. பொது ஐபி இல்லாத வீட்டிலும் டெயில்ஸ்கேல் ஓடும். குறை என்னவென்றால், விபிஎன் ஓட்டத் தெரியாத டிவி இருக்கும் உறவினர் வீட்டுக்கு இது எட்டாது. வெளியாட்கள் பலருக்குப் பகிர வேண்டும், தொழில்நுட்பத் தொலைபேசிச் சேவை செய்யப் பொறுமையில்லை என்றால் பிளெக்ஸுக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை.

ஆனால் பிளெக்ஸில் உள்நுழைவு அந்த நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுத்தான் நடக்கும். பயனர் தகவல் கசிவால் எல்லோரையும் கடவுச்சொல் மாற்றச் சொன்னது இரண்டு முறை நடந்திருக்கிறது: 2022 ஆகஸ்ட், 2025 செப்டம்பர். இரட்டைச் சரிபார்ப்பு இல்லாமல் வைத்திருக்க வேண்டாம். இணையம் போனாலும் வீட்டுக்குள் படம் ஓட வேண்டுமென்றால், சர்வரின் நெட்வொர்க் அமைப்பில் ‘உள்நுழைவு தேவையில்லாத ஐபி முகவரிகள்’ கட்டத்தில் வீட்டு முகவரி வரிசையை இப்போதே எழுதி வைக்க வேண்டும். ஜெல்லிஃபினுக்கு இந்தக் கவலை கிடையாது. கணக்கும் உங்கள் கணினியிலேயே.

எதைத் தேர்வது

ஒரே டிவி, நல்ல ரிசீவர், வெளியே பார்க்கும் பழக்கம் இல்லை: கோடி. ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினியில் லிப்ரேஇலெக் (கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள இயங்குதளம்) போட்டால் 4கே ஹெச்இவிசியை ஹார்டுவேரிலேயே டிகோட் செய்யும். அதே பையைச் சர்வராக்கும் ஆசை வேண்டாம். அதில் ஹார்டுவேர் வீடியோ என்கோடர் இல்லை.

இரண்டு மூன்று அறைகளில் டிவி இருந்தால் கோடி தனியாகச் சிரமம் தரும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி நூலகம். எங்கே நிறுத்தினோம் என்பது அடுத்த அறைக்குத் தெரியாது. மரியாடிபி என்ற தரவுத்தளம் வழியே பொதுவாக்கலாம், ஆனால் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பெரும்பதிப்பு இருக்க வேண்டும்; ஒன்று மட்டும் 20-லிருந்து 21-க்குப் போனால் நூலகம் இரண்டாகப் பிரிந்துவிடும். அதைவிட ஜெல்லிஃபினைச் சர்வராக வைத்து, டிவிகளில் கோடியில் ஜெல்லிஃபின் ஆட்-ஆனைப் போடுவது மேல். கணினியோடு மல்லுக்கட்டத் தயங்காதவர்களுக்கு இந்தக் கூட்டணிதான் என் முதல் பரிந்துரை.

டிவியின் சொந்தச் செயலியிலேயே பார்க்க வேண்டும் என்றால் முதலில் அந்த டிவியின் செயலிக் கடையில் தேடிப் பாருங்கள். பிளெக்ஸ் ஏறக்குறைய எங்கும் இருக்கும். மற்ற இரண்டுக்கும் அந்தப் பரவல் இல்லை.

முடிவெடுக்க முடியவில்லையா? பிளெக்ஸும் ஜெல்லிஃபினும் ஒரே கணினியில், ஒரே படக் கோப்புறையின் மேல் சேர்ந்து ஓடும், போர்ட்டுகள் வேறு. கோப்புறையை இரண்டுக்கும் வாசிக்க மட்டும் அனுமதியோடு கொடுங்கள். ஒவ்வொரு படமும் தனிக் கோப்புறையில், பெயரும் அடைப்புக்குறிக்குள் ஆண்டுமாக இருக்கட்டும். ஒரே தலைப்பில் இரண்டு படங்கள் குழம்புவது இதனால் குறையும். முன்னோட்டப் படங்கள் உருவாக்கும் வேலையை இரண்டிலும் ஒரே இரவில் ஓட்ட வேண்டாம், டிஸ்க் திணறும். டிரான்ஸ்கோடிங் தற்காலிகக் கோப்புகள் விழும் டிஸ்கில் தாராளமாக இடம் இருக்கட்டும். அது நிரம்பினால் படம் நடுவில் நின்றுவிடும், காரணமும் திரையில் வராது. ஜெல்லிஃபின் 10.11-க்கு முந்தைய பதிப்பிலிருந்து ஏற்றுபவர்கள் அதன் தரவுக் கோப்புறையை முழுதாக நகலெடுத்த பிறகே தொடங்குங்கள். அந்தப் பதிப்பில் தரவுத்தள அமைப்பே மாறிவிட்டது. நகல் இல்லாமல் பழையதற்குத் திரும்ப வழியில்லை.