இணையப் படிவங்களில் தேதி உள்ளீடு: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவருவது

"03/04/2024" என்று ஒருவர் தட்டினால் அது மார்ச் 4 ஆகவும் இருக்கலாம், ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம். எழுத்தை மட்டும் வைத்து எந்த நிரலாலும் இதைத் தீர்க்க முடியாது. இப்படி இரண்டு விதமாகவும் படிக்கக்கூடிய தேதிகள் ஆண்டுக்கு 132. உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் (Date), நடைமுறையில் இதை மாதம் முதலில் என்றே படிக்கிறது. 13/04 வந்தால்தான் பிழை காட்டும். மற்றவை சத்தமில்லாமல் தவறாகச் சேமிக்கப்படும். சோதனையில் 05/05 கொடுத்துப் பார்ப்பவருக்கு எதுவுமே தெரியவராது.

உலாவி மொழியை வைத்து ஊகிப்பதும் கைகொடுப்பதில்லை. உலாவியை அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, நாள் எண்ணை முதலில் எழுதிப் பழகியவர்கள் ஏராளம்.

இணையப் பக்கங்களின் குறிமொழியான எச்டிஎம்எல்லின் தேதி உள்ளீடு (input type=date) நெடுநாள் நன்றாகவே தாங்குகிறது. திரையில் எந்த வரிசையில் காட்டினாலும் சர்வருக்கு 2024-04-03 என்றே அனுப்பும். திரையில் தெரியும் வரிசை உலாவி அல்லது இயங்குதள அமைப்பைப் பொறுத்தது, பக்கத்திலிருந்து அதை மாற்ற வழியில்லை. அதனால் பக்கத்தில் "நாள்/மாதம்/ஆண்டு" என்று குறிப்பு எழுதிவைத்தால் சிலருக்கு அது திரைக்கு நேர் எதிராக இருக்கும். எழுதாமல் விடுங்கள். இன்னொரு தொல்லை: குரோமில் ஆண்டைத் தட்டத் தட்ட 0002, 0020, 0202 என்று ஒவ்வொன்றும் செல்லுபடியாகும் மதிப்பாகவே வந்துகொண்டிருக்கும். மின் (min), மேக்ஸ் (max) என்ற கீழ், மேல் வரம்புகள் இரண்டையும் கொடுத்து, பயனர் பெட்டியை விட்டு வெளியேறிய பிறகு சரிபார்ப்பதே நல்லது. மேக்ஸ் இல்லையென்றால் ஆண்டில் ஆறு இலக்கம் வரை ஏற்கும்.

அருகிலுள்ள தேதிகளுக்கு, அதாவது முன்பதிவு, சந்திப்பு போன்றவற்றுக்கு, இதுவே போதும். பிறந்த தேதிக்கு வேண்டாம். நாட்காட்டியில் பல பத்தாண்டுகள் பின்னோக்கிப் போவது பெரும் எரிச்சல். நாள், மாதம், ஆண்டு என்று பெயரிட்ட மூன்று தனிப் பெட்டிகள்தான் அங்கே சிறந்தவை. பிரிட்டன் அரசின் வடிவமைப்பு முறையும் நினைவில் உள்ள தேதிகளுக்கு இதையே பரிந்துரைக்கிறது. பெட்டிகள் சாதாரண டெக்ஸ்ட் வகையாக இருக்கட்டும், எண் விசைப்பலகையை வரவழைக்கும் இன்புட்மோடு (inputmode) மட்டும் நியூமெரிக் (numeric). நம்பர் வகை வைத்தால் சுட்டியின் சக்கரம் உருண்டு எண் மாறிவிடக்கூடும்.

ஆண்டுக்கு நான்கு இலக்கம் கட்டாயம். "45" என்பதை எக்செல் அமைப்பைப் பொறுத்து 1945 ஆக்கலாம், பைத்தான் 2045 என்கிறது. பிப்ரவரி 31, 2024 கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் முறையிடாமல் மார்ச் 2 ஆக்கிவிடும். எனவே உருவாக்கிய தேதியிலிருந்து நாளையும் மாதத்தையும் திரும்ப எடுத்து, உள்ளிட்டதோடு ஒப்பிடுங்கள்.

ஊகத்தை விட மலிவான காப்பு ஒன்று உண்டு: பெட்டிக்குக் கீழே "3 ஏப்ரல் 2024, புதன்" என்று உடனே காட்டுவது. மாதம் எழுத்திலும் கிழமை கூடவும் இருந்தால், தவறு பயனரின் கண்ணிலேயே பட்டுவிடும்.

சேமிப்பில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. பிறந்த தேதிக்கு நேரமும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் "2024-03-05" என்பதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாகப் படிக்கும். யூடிசிக்குப் பின்தங்கிய மண்டலங்களில் அது மார்ச் 4 எனத் தெரியும். உள்ளூர் நள்ளிரவை உருவாக்கி அதை யூடிசி நேரத்தில் எழுத்தாக்கும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) போட்டாலோ, யூடிசிக்கு முந்திய மண்டலங்களில் ஒரு நாள் குறையும். தரவுத்தளத்தில் நேரமில்லாத டேட் வகை, ஜாவாவில் லோக்கல்டேட் (LocalDate), ஜாவாஸ்கிரிப்ட்டில் டெம்போரல் (Temporal) என்ற புதிய தேதி வசதியின் பிளெயின்டேட் (PlainDate) ஆகியவையே பொருத்தம். எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தின் பழைய டேட்டைம் (datetime) வகையில் "2024-03-05" கூட மொழி அமைப்பைப் பொறுத்து மே 3 ஆகலாம். கோடு இல்லாத 20240305 மாறாது.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) பதிவேற்றத்தில் தனி ஆபத்து ஒன்று உண்டு. நாள் முதலில் உள்ள கோப்பை, மாதம் முதலில் என அமைந்த எக்செலில் திறந்தால் 03/04 மார்ச் 4 ஆகும், 13/04 மட்டும் உரையாகவே தங்கும். ஒரே நெடுவரிசையில் தேதியாக மாறியவையும் உரையாகத் தங்கியவையும் கலந்து வந்தால் கோப்பை முழுதாகத் திருப்பி அனுப்பி, தேதிகளின் வரிசையைப் பதிவேற்றுபவரிடமே கேளுங்கள்.