கலப்பையா, மண்வெட்டியா? லங்காவியில் ஓர் இரவுக்கு எந்த நங்கூரம்

விடியுமுன் பினாங்கை விட்டால், காற்று ஒத்துழைத்தால், இருட்டுவதற்குள் மலேசியாவின் லங்காவித் தீவுக்குத் தெற்கே உள்ள டாயாங் புந்திங் தீவை எட்டிவிடலாம். அதன் தென்பக்கம் சுண்ணாம்புப் பாறை மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய நீர்வழி ஒன்று இருக்கிறது. பாய்மரப் படகுக்காரர்கள் அதை ‘ஃபியோர்ட்’ என்பார்கள். உள்ளே போனால் அலையே தெரியாது. ராத்திரி அங்கே தங்கலாமா என்று யார் கேட்டாலும் தாராளமாக என்பேன். அடுத்த கேள்விதான் சண்டையில் முடியும்: என்ன நங்கூரம் வைத்திருக்கிறாய்?

என் படகு 34 அடி. வாங்கும்போது அணியத்தில், அதாவது முன்முனையில், தொங்கியது பழைய கலப்பை நங்கூரம், நடுவில் கீல் வைத்தது. இந்த வகையின் மூதாதை சிக்யூஆர் என்ற நங்கூரம். 1933-இல் ஜி. ஐ. டெய்லர் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் காப்புரிமை வாங்கியது. நீரில் இறங்கும் விமானங்களுக்கு எடை குறைந்த நங்கூரம் தேவைப்பட்ட காலம் அது. பெயருக்கேற்ற குணம்: பக்கவாட்டில் விழுந்து, கொஞ்ச தூரம் இழுபட்டு, மெல்லப் புதையும். பலமாக இழுத்தால் உழுதுகொண்டே வரும். ஆனால் பட்டென்று பிடுங்கிக்கொள்ளாது, அதனால்தான் பழைய ஆட்கள் இன்னும் கைவிடவில்லை.

எதிர்க்கட்சி மண்வெட்டி வகை. நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் வடிவமைத்த ராக்னா இதில் பிரபலம். குழிந்த தகடு, கூரான முனை, மேலே அரைவட்டக் கம்பி. எப்படி விழுந்தாலும் அந்தக் கம்பி அதை உருட்டி முனையைத் தரையில் குத்த வைத்துவிடும். ஒன்றிரண்டு மீட்டர் இழுப்பதற்குள் புதைந்துவிடும். இன்னும் இரண்டு வகை உண்டு. டான்ஃபோர்த் நங்கூரம் தட்டையானது, தன் எடைக்கு இளஞ்சேற்றில் அபாரமாகப் பிடிக்கும், ஆனால் இழுக்கும் திசை மாறினால் கழன்றுவிடும். தகட்டுக்கு இடையில் ஒரு கல் சிக்கினால் மறுபடி பிடிக்கவும் செய்யாது. புரூஸ் நங்கூரம் சீக்கிரம் பிடிக்கும், இளஞ்சேற்றில் வழுக்கும்.

லங்காவிக்கு இதில் எது முக்கியம்? திசை மாறிய பின் எது மறுபடி பிடிக்கிறது என்பதுதான். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திரும்பும், படகும் கூடவே திரும்பும். அது போதாதென்று தென்மேற்குப் பருவத்தில் ‘சுமத்ரா’ வரும்: நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் இடிமழைப் புயல்வரிசை. காற்று சில நிமிடங்களில் 40 நாட், அதாவது மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர், தொட்டுவிடும். வேகம் இரட்டிப்பானால் படகை இழுக்கும் விசை நான்கு மடங்கு.

ஒரு ராத்திரி எனக்கும் வந்தது. சாயங்காலம் 5 மீட்டர் ஆழம். 20 மீட்டர் சங்கிலி விட்டேன், ஆழத்தைப் போல நான்கு மடங்கு போதும் என்று கணக்கு. ஏற்றத்தில் நீர் 3 மீட்டர் உயரும், அணியம் நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் மேலே என்பதையெல்லாம் கூட்டவே இல்லை. மூன்று மணிக்கு உண்மையான கணக்கு 9 மீட்டருக்கு 20. இரண்டு மடங்கை விடக் கொஞ்சம்தான் அதிகம். வெறுங்காலோடு ஓடிப்போய்ச் சங்கிலி மேல் பாதத்தை வைத்தேன். பிடித்திருக்கும் சங்கிலி இறுகும், தளரும், அவ்வளவுதான். இது கரகரவென்று அதிர்ந்தது, நங்கூரம் இழுபடுகிறது. சரளைக்கல் ரோட்டில் சைக்கிள் ஓட்டும்போது ஹேண்டில்பாரில் வருமே, அந்த நடுக்கம். தரை சேறும் சிப்பியுமாக இருந்ததால் அந்த நடுக்கமாவது தெரிந்தது. வெறும் சேறு என்றால் சத்தமில்லாமல் போயிருப்போம். எஞ்சினைப் போட்டு, இன்னும் 25 மீட்டர் விட்ட பிறகு அதே கலப்பை பிடித்துக்கொண்டது.

ஆகவே குற்றம் கலப்பையின் மேல் இல்லை. இரண்டு மடங்குச் சங்கிலியில் எந்த நங்கூரத்தின் காம்பும், அதாவது சங்கிலி மாட்டும் தண்டும், மேலே தூக்கிக்கொள்ளும். கையில் இருப்பது ஒரு செலவுக்கான பணம்தான், சங்கிலியோ 25 மீட்டர்தான் என்றால், முதலில் சங்கிலி வாங்குங்கள். மண்வெட்டி அப்புறம். நான் இரண்டையும் செய்தேன், மனைவியிடம் ஒன்றைத்தான் சொன்னேன்.

கயிறா சங்கிலியா என்பது அடுத்த தகராறு. 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ, 50 மீட்டர் என்றால் 70 கிலோ, அத்தனையும் அணியத்தில். நைலான் கயிறு லேசானது, இழுபட்டு நீள்வதால் அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் சங்கிலிக்கு ஐந்து மடங்கு போதும் என்கிற இடத்தில் கயிற்றுக்கு ஏழு மடங்கு வேண்டும். பாறையில் உரசினால் காலி. ஒடுங்கிய நீர்வழியில் அந்த ஏழு மடங்கும் பக்கத்துப் படகைப் போய் முட்டும் சுற்றளவுதான். அதற்காகச் சங்கிலியின் எடையே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்றும் நம்பக்கூடாது. பலத்த காற்றில் அதன் தொய்வு போய் நேர்க்கோடாகிவிடும், பிறகு ஒவ்வொரு அலைக்கும் வெட்டி வெட்டி இழுக்கும். சங்கிலியில் 8 மீட்டர் நைலான் கயிற்றைக் கொக்கி போட்டு மாட்டி, இழுவையை அதன் மேல் விட்டுவிட வேண்டும். சங்கிலிதான் என் கட்சி, ஆனால் இந்தக் கயிறு இல்லாமல் இல்லை.

மரீனாவில் கட்டிப்போடுவதும் ஒரு வழி. தூக்கம் நிச்சயம், கொசுவும் நிச்சயம்.

மண்வெட்டிக்கு ஒரு குறை உண்டு. விடிந்து தூக்கும்போது சேற்றில் அவ்வளவு ஆழம் போயிருக்கும். சங்கிலியைச் செங்குத்தாக இறுக்கிக் கட்டிவிட்டுப் படகின் ஆட்டமே அதைப் பிடுங்கட்டும் என்று காத்திருக்க வேண்டும். மேலே வரும்போது அந்தக் குழிவு நிறையச் சாம்பல் நிறச் சேறு, அரைவட்டக் கம்பியிலும் ஒரு கட்டி. நான் அதைக் கழுவ எட்டாவது வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் படகுக் கலப்பைக்காரர் கையசைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.